காற்று இறங்கினால், சத்தம் கேட்டால், கியர் தாவினால்: ரோடு சைக்கிளில் எதை முதலில் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருவான்மியூரிலிருந்து கிளம்பி கோவளம் வரைக்கோ மாமல்லபுரம் வரைக்கோ மிதித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் ஆட்கள் இப்போது நிறையப் பேர். எங்கள் குழுவில் யார் வண்டிக்கு என்ன வந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு மொட்டை மாடிக்குத்தான் வரும். வருகிற கோளாறுகள் புதிதாக இருப்பதில்லை. அதே ஏழெட்டுதான் ஆள் மாற்றி ஆள் வண்டியில் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு துணியிலோ, கால் திருகிலோ, கொஞ்சம் கிரீஸிலோ தீர்ந்துவிடுகின்றன. ஆனால் பலர் ஏற்கெனவே ஒரு பாகத்தைக் காசு போட்டு மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கீழே உங்கள் வண்டியில் தெரிகிற அறிகுறியைத் தேடி அங்கிருந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் இருக்கும், செலவு பிடிப்பது கடைசியில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது, அடுத்த முறையும் அதே மூன்றுக்குச் செலவு செய்வீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆலன் கீ செட், டயர் லீவர் இரண்டு, மீட்டர் வைத்த தரைப் பம்ப், கிரீஸ், செயின் ஆயில், பழைய பனியன் துணி. கார்பன் பாகம் ஒன்றாவது இருந்தால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சும் கட்டாயம்.

1. காற்று நிற்கவில்லை

*இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் குறைகிறது*

இது கோளாறு இல்லை. ரோடு சைக்கிள் டியூப் மெல்லியது, அழுத்தம் அதிகம். நாளுக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் மீட்டர் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 50 பிஎஸ்ஐ ஆனாலும் 90 ஆனாலும் விரலுக்குக் கல் மாதிரிதான் தெரியும்.

*ராத்திரி அடித்தது காலையில் முழுக்கத் தட்டை*

முதலில் வால்வ். மெலிந்த பிரெஸ்டா வால்வின் தலையில் ஒரு குட்டி நட்டு இருக்கும். காற்றடித்த பிறகு அதை இறுக்க மறந்திருக்கலாம். இறுக்கிய பின் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் வால்வின் உள்பாகம் தளர்ந்திருக்கிறது. சில டியூபில் அது தனியாகக் கழலும் வகை, சின்ன ஸ்பேனரால் இறுக்கிவிடலாம். குமிழி இல்லையென்றால் டியூபைக் கழற்றி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள்.

*ஓட்டும்போதே பஞ்சர், அதுவும் திரும்பத் திரும்ப*

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். டியூபை உருவிப் புதுசு போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், ஐந்தாவது கிலோமீட்டரில் மறுபடி நிற்கிறார்கள். டியூப் எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். அதனால் டியூபைக் கழற்றும் முன் அது டயரில் எந்தப் பக்கமாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். டயரைப் போடும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வருமாறு போட்டிருந்தால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரமோ, டயரிலும் அவ்வளவு தூரத்தில் தேடினால் போதும்.

ஓட்டை வெளிப்பக்கம், அதாவது தரையைப் பார்க்கும் பக்கம் இருந்தால்: முள், கண்ணாடித் துண்டு, கம்பி. ஓரத்தில் சீமைக்கருவேலம் வளர்ந்த சாலையென்றால் முள்தான் முதல் சந்தேகம். ஆனால் தொடர் பஞ்சருக்குப் பெரும்பாலும் நான் கண்டுபிடிப்பது கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் சாலையோரத்தில் கிடக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். டயருக்குள் நேராக இறங்கி நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே விரலால் தடவினாலும் டயர் தட்டையாக இருக்கும்போது முனை உள்வாங்கிக்கொள்ளும். காற்றடித்து உட்கார்ந்து ஓட்டினால்தான் குத்தும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. டயரின் உள்பக்கத்தைப் பஞ்சாலோ பனியன் துணியாலோ ஒரு சுற்று மெதுவாகத் தேயுங்கள். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே டயரைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஒரு பளபளப்பான புள்ளி தெரியும். ட்வீசரால் பிடித்து இழுங்கள். நகவெட்டியால் வெட்டிவிட வேண்டாம், மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். வெறும் விரலால் தேடாதீர்கள், கண்ணாடித் துண்டாக இருந்தால் கிழித்துவிடும்.

அக்கம்பக்கமாக இரண்டு கீறல் இருந்தால்: குழியிலோ வேகத்தடையிலோ ஏறும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. காரணம் காற்று குறைவு. 70 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ, 28 மி.மீ. டயரில் 70ஐ ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள், பின்சக்கரத்தில் முன்னைவிட ஐந்து அதிகம் வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். அதைவிட நல்ல யோசனை, பிரேமில் இடம் இருந்தால் 28க்கு மாறிவிடுவது. நம் சாலைக்கு 23 மி.மீ. டயர் ஏற்றதில்லை என்பதே என் கருத்து.

ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்க்கும் பக்கம் இருந்தால்: சாலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரிம் டேப் ஒரு பக்கமாக நகர்ந்து ஸ்போக் துளை வெளியே தெரிகிறது, டியூப் அந்த விளிம்பில் அறுபடுகிறது. டேப்பை நகர்த்திச் சரியாக உட்காரவையுங்கள். நைந்திருந்தால் மாற்றுங்கள், துளைகளை முழுக்க மூடும் அகலத்தில் வாங்குங்கள். பஞ்சர் புராணம் ஓயாத வண்டிகளில் முடிவில் மாட்டுவது பல நேரம் இந்த மலிவான டேப்தான்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால்: கைப்பம்பை ஆட்டி ஆட்டி அடித்ததால் வந்தது, அல்லது வால்வைப் பிடிக்கும் வளைய நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கியதால் வந்தது. விரலால் தொட்டு நிறுத்தினாலே அந்த நட்டுக்குப் போதும். இந்த இடத்துக் கிழிசலை ஒட்ட முடியாது, டியூப் மாற்ற வேண்டியதுதான்.

ஒட்டும்போது: சாண்ட் பேப்பரால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் பேட்ச் வைத்து அமுக்குங்கள். ஐந்து நிமிடமாவது காயட்டும். ரோட்டோரப் பஞ்சர் கடையில் கொடுத்தால், மோட்டார் சைக்கிள் டியூபைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஒரு இழுப்பு போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்ணன்களுக்கு ரோடு டியூப் அடிக்கடி கையில் வராது.

டயரே கிழிந்து டியூப் வெளியே பிதுங்கினால், பழைய டயரின் பக்கவாட்டில் வெட்டிய ஒரு துண்டை உள்ளே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து வீடு வந்து சேரலாம். பையில் அந்தத் துண்டு எப்போதும் இருக்கட்டும்.

கடைக்குப் போக வேண்டிய நேரம்: டயரின் நடுப்பகுதி சப்பையாகத் தேய்ந்திருந்தால், உள்நூல் தெரிந்தால், பக்கவாட்டில் வீங்கியிருந்தால் புது டயர். டியூப்லெஸ் ஓட்டுபவர்கள் முதலில் உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் படலமாகிவிடும். ஊற்றிய பிறகும் ரிம் விளிம்பில் காற்று கசிந்தால் டேப் புதிதாக ஒட்ட வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

2. மிதிக்கும்போது டக் டக், கிரீச்

மிகவும் எரிச்சலூட்டும் கோளாறு, அதிகமாகக் காசு வீணாவதும் இதில்தான். சத்தம் வந்தவுடன் 'பாட்டம் பிராக்கெட் போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். பெடல் மாட்டிய கைகளான கிராங்க் இரண்டும் பிரேமில் சுற்றும் இடத்து பேரிங் அது. பிரேம் உள்ளீடற்ற குழாய் என்பதால் எங்கே சத்தம் பிறந்தாலும் காலுக்கடியிலிருந்து வருவது போலத்தான் கேட்கும். காதை நம்பாமல், ஓட்டிக்கொண்டே இந்த நான்கு சோதனைகளைச் செய்யுங்கள்.

மிதிப்பதை நிறுத்தி உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் சக்கரம், பிரேக், அல்லது ஹேண்டில் பக்கம். நின்றுவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் மறைந்தால் சீட் அல்லது சீட் போஸ்ட். எழுந்தால் மட்டும் வந்தால் ஹேண்டில், ஸ்டெம் (ஹேண்டிலை முன்சக்கரத்தின் ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்), அல்லது சக்கரம் பிரேமில் உட்காரும் இடம்.

ஒரு காலை மட்டும் பெடலிலிருந்து கழற்றி மற்றதால் மிதியுங்கள். ஒரே காலில் மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து கிளீட் (ஷூவைப் பெடலில் மாட்டும் அடித்துண்டு), பெடல், ஷூ.

தாளத்தை எண்ணுங்கள். கிராங்கின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் பெடல், கிராங்க், செயின்ரிங் (கிராங்கில் இருக்கும் பெரிய பல்சக்கரம்), பாட்டம் பிராக்கெட். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயின் முழுசாக ஒரு சுற்று வர கிராங்க் அத்தனை தடவை சுற்ற வேண்டும், அதனால்தான் அந்த இடைவெளி. கிராங்கைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே செயினைப் பல் மாற்றும் பின் டெரெய்லரின் குட்டிச் சக்கரங்களைப் பாருங்கள், இறுகிய கண்ணி அங்கே துள்ளும். ஆயில் விட்டு இரண்டு பக்கமும் மெல்ல வளைத்தால் இளகிவிடும்.

இடம் ஓரளவு தெரிந்த பிறகு, இந்த வரிசையில் போங்கள்.

சும்மா உரசுவது: சீட் பையில் சாவி, பாட்டில் கேஜ் போல்ட், வால்வ் நட்டு, முன் டெரெய்லர் கேபிளின் நுனி கிராங்கில் தட்டுவது. இதையெல்லாம் விரலால் ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

சக்கரத்தின் பிடி: சக்கரத்தைப் பிரேமோடு பிடிக்கும் அச்சை, அதாவது குவிக் ரிலீஸ் அல்லது த்ரூ ஆக்ஸிலைக் கழற்றி, அதையும் பிரேமில் அது உட்காரும் முகத்தையும் துடைத்து, சன்னமாக கிரீஸ் பூசி மாட்டுங்கள். குழுவில் ஒருவருக்கு மேம்பாலம் ஏறும்போதெல்லாம் டக் டக் என்று வரும். ஒரு கடையில் பாட்டம் பிராக்கெட்டை மாற்றிவிட்டார்கள், சத்தம் அப்படியே இருந்தது. மாடியில் பின்சக்கரத்தைக் கழற்றியபோது குவிக் ரிலீஸ் உட்காரும் இடத்தில் உப்பும் மணலும் கலந்து சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. துடைத்து மாட்டியதும் சத்தம் போய்விட்டது. கடற்கரைச் சாலையில் ஓட்டும் வண்டிக்கு இதை மாதம் ஒரு முறை செய்வது நல்லது.

சீட் போஸ்ட்: வியர்வை ஒழுகி உள்ளே இறங்கி உப்பாகக் காய்ந்திருக்கும். உயரத்தை டேப்பால் அடையாளம் வைத்துக்கொண்டு உருவித் துடையுங்கள். அலுமினியம் அல்லது எஃகு என்றால் கிரீஸ். கார்பன் சம்பந்தப்பட்டிருந்தால் கிரீஸ் போடக் கூடாது, அதற்கென்று மணல் மணலாக இருக்கும் கார்பன் பேஸ்ட்தான். சீட்டின் இரண்டு கம்பிகளையும் பிடிக்கும் கிளாம்பையும் அப்படியே துடைத்து, போல்டில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். போஸ்ட் உருவ வராமல் சிக்கியிருந்தால் சுத்தியல் எடுக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள்.

கிளீட், பெடல்: கிளீட் போல்ட் தளர்ந்திருக்கிறதா, கிளீட்டின் மூக்கு தேய்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெடலைக் கழற்றி மரைகளைத் துடைத்து கிரீஸ் போடுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், கடிகார திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் காட்டினால் கிராங்கின் மரையே போய்விடும்.

செயின்ரிங் போல்ட், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) லாக்ரிங், கிராங்க் போல்ட்: தளர்ந்திருந்தால் சரியான அளவுக்கு இறுக்குவது. கேசட் லாக்ரிங்குக்குத் தனி டூல் வேண்டும், 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டியது அது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பாட்டம் பிராக்கெட். செயினைச் செயின்ரிங்கிலிருந்து கீழே இறக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தாலோ, இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் முடிந்துவிட்டது. மரை போட்ட வகையை டூல் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். அழுத்தி ஏற்றும் பிரெஸ் ஃபிட் வகையைக் கடைக்கே விடுங்கள், கோணலாக ஏறினால் பிரேம் கெடும்.

துடைக்கும்போது பிரேமில் பெயின்ட்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்து, அது நகத்தில் மாட்டினால், அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். வெல்டிங் ஓரம், சீட் போஸ்ட் நுழையும் இடம், ஃபோர்க்கின் கழுத்து, இந்த மூன்றையும் எப்போதும் பாருங்கள். விரிசலா, வெறும் பெயின்ட்டா என்பதைத் தெரிந்த மெக்கானிக் சொல்லட்டும்.

3. கியர் சொன்னபடி கேட்கவில்லை

*தயங்கித் தயங்கி மாறுகிறது, அல்லது கடகடவென்று உரசுகிறது*

பின் டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருப்பும் குமிழ் இருக்கும். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் திருகு திருப்பி முயலுங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கடிகார திசையில் கால் திருகு. ஒவ்வொரு தடவையும் கால் திருகுதான், அப்புறம் கியர் மாற்றிப் பார்ப்பது. புதுக் கேபிள் போட்ட வண்டியில் முதல் சில ஓட்டத்துக்குள் இது வருவது சகஜம்.

டெரெய்லரில் எச், எல் என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூக்களை இதற்காகத் தொடாதீர்கள். அவை செயின் இரண்டு ஓரத்தையும் தாண்டி விழாமல் தடுக்கும் எல்லைக்கல். சும்மா திருப்பினால் டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போகும்.

*ஒரு கியரைச் சரி செய்தால் இன்னொன்று கெடுகிறது*

சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்ததா? ரயிலிலோ கார் டிக்கியிலோ வந்ததா? அப்படியென்றால் டெரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரமும் கேசட்டுக்கு இணையாக ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர்தான். பிரேமைக் காப்பாற்றத் தான் வளைந்துகொடுக்கும்படி செய்த மெல்லிய அலுமினியத் துண்டு அது. கடையில் அளவுக்கோல் வைத்து நிமிர்த்துவார்கள். பிரேமுக்குப் பிரேம் ஹேங்கர் வேறு, அவசரத்துக்குக் கிடைக்காது. வண்டி வாங்கும்போதே கூடுதலாக ஒன்று வாங்கிவையுங்கள். வளைந்த ஹேங்கரோடு கடைசிப் பெரிய பல்லுக்குப் போகாமல் கடை வரை ஓட்டுங்கள்.

*எழுந்து அழுத்தினால் செயின் தாவுகிறது*

இது ஆபத்தானது. தாவும்போது கால் நழுவி மார்பு ஹேண்டிலில் மோதும். செயின் தேய்மானத்தை அளந்து பாருங்கள். இஞ்ச் ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 12 இஞ்சில் சரியாக இன்னொரு பின்னின் நடு வரும். அது பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் இன்னும் மோசமாகத் தாவும். ஒன்றிரண்டு பல்சக்கரத்தில் மட்டும் தாவினால், நீங்கள் அதிகம் ஓட்டும் அந்தப் பல்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். செயினை நேரத்தில் மாற்றினால் ஒரு கேசட்டுக்கு இரண்டு மூன்று செயின் ஓடும். இதைவிடப் பெரிய மிச்சம் சைக்கிளில் வேறு கிடையாது.

*சில வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிறது, குமிழ் திருப்பியும் நிற்கவில்லை*

கேபிள் லீவருக்குள்ளேயே நார் நாராகப் பிரிந்துகொண்டிருக்கலாம். ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, கேபிள் தலை இருக்கும் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். முழுசாக அறுந்து தலை உள்ளே சிக்கினால் அதை எடுப்பது கடை வேலை. எலக்ட்ரானிக் கியர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுமுன் பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள்.

4. பிரேக்

*ரிம் பிரேக் கீச்சிடுகிறது*

ரிம்மைத் துணியால் துடையுங்கள். பிரேக் கட்டையைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள், மணலும் பளபளக்கும் அலுமினியத் துணுக்கும் பதிந்திருக்கும். ஊசியால் நோண்டி எடுத்து சாண்ட் பேப்பரால் ஒரு தேய். இன்னும் கத்தினால், கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மயிரிழை முன்னதாகத் தொடுமாறு சாய்த்து மாட்டுங்கள். கட்டையில் வரிப்பள்ளம் மறைந்திருந்தால் மாற்றுங்கள்.

ரிம்மின் பிரேக் தளத்தில் ஒரு சின்னக் குழியோ கோடோ இருக்கும். அது தேய்ந்து காணாமல் போனாலோ, தளம் உள்வாங்கிக் குழிந்திருந்தாலோ ரிம் முடிந்தது. இது தள்ளிப்போடக் கூடாத செலவு. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை மாதிரி இடத்துக்குப் போகும் முன் கட்டாயம் பாருங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டு, ரிம்மை ஆறவிட்டு இறங்க வேண்டும்.

*டிஸ்க் உரசுகிறது*

சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டுங்கள், பாதி அதிலேயே போய்விடும். போகாவிட்டால் பிரேக் பேட் இருக்கும் காலிப்பரின் இரண்டு போல்டையும் கொஞ்சம் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்குங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிஸ்க் தகடு வளைந்திருக்கிறது, கடையில் நிமிர்த்துவார்கள்.

*டிஸ்க் அலறுகிறது, பிடிக்கவும் இல்லை*

எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது தெறிப்பதுதான் வழக்கமான காரணம், அதனால் செயினுக்குச் சொட்டுப் பாட்டில்தான் நல்லது. தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், பேடைச் சாண்ட் பேப்பரில் தேயுங்கள். ஊறிப்போன பேட் என்றால் தேறாது, புதுசு போடுங்கள்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் லீவர் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பிளீட் செய்வதற்கு, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுவதற்கு, கடைக்குப் போங்கள். சில பிரேக்குக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் ஃப்ளூயிட், மாற்றி ஊற்றினால் உள்ளே சீல்கள் அழியும். எந்த வகை பிரேக்காக இருந்தாலும் லீவர் ஹேண்டிலைத் தொடுமளவுக்கு வந்தால் அந்த வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

5. சக்கரம் கோணுகிறது, ஹேண்டில் ஆடுகிறது

சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ஸ்போக்ஸை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்றிருந்தால் ஸ்போக் சாவியால் கால் திருகு இறுக்கிப் பார்க்கலாம். அறுந்திருந்தால் பக்கத்து ஸ்போக்கோடு சுற்றிக் கட்டி, மெதுவாக வீட்டுக்கு வாருங்கள். கோட்டம் எடுப்பது கைப்பழக்கம், ஊரில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர்கள் அருமையாகச் செய்வார்கள். ஸ்போக் துளையைச் சுற்றி ரிம்மில் விரிசல் இருந்தால் கோட்டம் எடுத்துப் பயனில்லை, ரிம் மாற்ற வேண்டும்.

ஹேண்டில் பக்கம் லொடக்கென்றால்: முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், மறு கையால் ஃபோர்க் பிரேமோடு சேரும் இடத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் ஹெட்செட், அதாவது அங்கே இருக்கும் பேரிங், தளர்வு. ஸ்டெம்மின் பக்க போல்ட்களை முதலில் தளர்த்தி, மேல்மூடி போல்டை ஆட்டம் நிற்குமட்டும் இறுக்கி, ஸ்டெம்மை நேராக்கி, பக்க போல்ட்களை இறுக்குங்கள். இந்த வரிசை மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது. சரிசெய்த பிறகு ஹேண்டில் நடுவில் வந்து சிக்கினால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

6. வண்டி நன்றாக இருக்கிறது, உடம்புதான் வலிக்கிறது

இதையும் பழுதாகவே பாருங்கள், மாத்திரைக்கு முன் ஆலன் கீயை எடுங்கள்.

*முட்டியின் முன்பக்கம் வலி*: பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரை மெதுவாக மிதிப்பது. சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் ஏற்றி, இரண்டு மூன்று ஓட்டம் பாருங்கள்.

*முட்டியின் பின்பக்கம் வலி*: சீட் அதிக உயரம். பின்னால் வருபவரிடம் உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆடினால் இறக்குங்கள்.

*முட்டியின் பக்கவாட்டில் வலி*: கிளீட் கோணல். ஷிமானோ ரோடு கிளீட்டில் சிவப்பு அசையவே அசையாது, மஞ்சள் 6 டிகிரி அசையவிடும். புதியவர்களுக்கு மஞ்சள்தான்.

*கை மரத்துப்போகிறது*: சீட்டின் மூக்கு கீழே சாய்ந்து உடல் எடையெல்லாம் உள்ளங்கைக்கு வருகிறதா பாருங்கள். சீட்டைச் சமமாக்குங்கள், முழங்கையை மடக்கி ஓட்டுங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள், முன்டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். அப்புறமும் இருந்தால் ஸ்டெம் குட்டையாக வேண்டும், அல்லது ஹேண்டில் உயர வேண்டும். அந்த இடத்தில் முறையான பைக் ஃபிட்டுக்குச் செலவழிப்பது நியாயம்.

முட்டி வீங்கினாலோ, மாடிப்படி இறங்கும்போதும் வலித்தாலோ, விரல் மரமரப்பு ஓட்டம் முடிந்து மறுநாளும் இருந்தாலோ சீட்டை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். போகும்போது சீட்டின் உயரத்தையும், கிளீட் இருக்கும் இடத்தையும், கடைசியாக எதை எப்போது மாற்றினீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.